பெட்டி தூக்க ஆறாவது ஆள்

பெர்னடீன் கோலாரிக் தன் சாவுக்கு எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தாள். எழுபத்திரண்டு வயது, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். சர்ச்சில் எந்தப் பாட்டு, அடக்கம் முடிந்ததும் என்ன சாப்பாடு, தலைமுடியை யார் சீவிவிடுவது, யாரைச் சீப்பைத் தொடவே விடக்கூடாது என்பதுவரை ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். அந்த ஊரில் இது அதிசயமில்லை. அவள் வயதுப் பெண்களில் பாதிப் பேர் வீட்டில் அப்படியொரு காகிதம் உண்டு.

காகிதத்தின் அடியில் சவப்பெட்டி தூக்குகிற ஆறு பேரின் பெயர்கள். ஐந்து பெயர் பேனாவில் இருந்தது. ஆறாவது மட்டும் பென்சிலில். மார்ட்டின், அவளுடைய ஒரே மகன்.

மார்ட்டின் இருபத்துமூன்று வயதில் ஒரு பெண்ணுக்குக் கொடுமை செய்தான். ஏழு வருடம் சிறையில் இருந்தான். வெளியே வந்து பதினெட்டு வருடமாக மாநிலத்தின் மேற்குக் கோடியில் டிராக்டர் ரிப்பேர் செய்கிறான். "என் பையன் செஞ்சது தப்பு இல்ல, அக்கிரமம்," என்று பெர்னடீனே சொல்வாள். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று யாராவது விஷயத்தை மழுப்பினால் கதவைக் காட்டிவிடுவாள்.

பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் பெயருள்ள ஒருவன் தன் மாவட்டத்தைத் தாண்ட வேண்டுமென்றால், இருபத்தொரு நாள் முன்னதாக மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்துக்கு நேரில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். மீறினால் மறுபடியும் சிறை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, அவள் கணவர் எட் தானியக் கொட்டகையில் சரிந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை அடக்கம். பெற்ற அப்பாவின் அடக்கத்தை மார்ட்டின் ஃபோனில் பார்த்தான். "உங்கப்பாவுக்கு எதையும் முன்கூட்டிச் சொல்ற பழக்கமே கிடையாதுடா," என்று அன்று சொல்லிச் சிரித்தவள், ஃபோனை வைத்துவிட்டு ஒரு வாரம் அழுதாள்.

அந்த இருபத்தொரு நாளை மூன்று நாளாகக் குறைக்க ஒரு மசோதா வந்திருக்கிறது, பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் சட்டசபைக் குழுவின் முன் வந்து மூன்று நிமிடம் பேசலாம் என்று தெரிந்ததும், பெர்னடீனைப் பிடிக்க முடியவில்லை. அவள் ஒரு சின்ன முடிதிருத்தும் கடை நடத்துகிறாள். முடியைச் சுருளாக்க மருந்து தடவியபின் வைக்கிற அலாரத்தை மூன்று நிமிடத்துக்குத் திருப்பிவைத்து, தலையில் மருந்தோடு எழுந்து ஓட முடியாமல் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பழகினாள். ஒரு மாதத்தில் ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பேச்சு மனப்பாடம்.

பிப்ரவரியில், ஐந்து மணி நேரம் தானே வண்டி ஓட்டித் தலைநகர் போனாள். பக்கத்து சீட்டில் ஒரு டப்பா நிறைய கொலாச்சி, நடுவில் பிளம் பழம் வைத்த இனிப்பு பன். சட்டசபை வாசலில் மஞ்சள் தாள் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். பெயர், ஊர், அதன்கீழ் "பயணக் கட்டுப்பாடு மசோதா: ஆதரவா, எதிர்ப்பா?" என்று இரண்டு கட்டம். கட்டுப்பாட்டுக்கு ஆதரவா, அவளா? எதிர்ப்பு என்ற கட்டத்தில் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி டிக் போட்டாள்.

அதனால் அவளை எதிர்ப்பாளர்கள் வரிசையில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஜாய்ஸ் டீட்யன் என்று ஒரு பெண், அறுபது வயதிருக்கும். மடியில் ஒரு ஃபைலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நீங்களும் எதிர்க்கத்தான் வந்தீங்களா?" என்று கேட்டாள் ஜாய்ஸ்.

"பின்ன? அஞ்சு மணி நேரம் பனியில வண்டி ஓட்டிட்டு வந்தது வேடிக்கை பாக்கவா? இந்தாங்க, ஒண்ணு எடுத்துக்குங்க."

அந்த வட்டாரத்து மனிதர்கள் முதல் சந்திப்பில் சொந்தத் துக்கத்தைத் திறக்க மாட்டார்கள். பனியைப் பேசுவார்கள், சாலையைப் பேசுவார்கள். இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். செனட்டர்கள் நாற்காலிக்கு மட்டும் மெத்தை போட்டிருப்பதை ஒரே குரலில் கண்டித்தார்கள். ஜாய்ஸின் முடிநுனி வெடித்திருப்பதைப் பார்த்து, கடைக்கு வந்தால் தானே சரிசெய்து தருவதாக பெர்னடீன் சொன்னாள். ஜாய்ஸ் இரண்டாவது கொலாச்சியை எடுத்தாள்.

ஆதரவாளர்கள் பேசி முடித்தார்கள். தன் பெயரைக் கூப்பிடவில்லையே என்று பெர்னடீன் தவித்துக்கொண்டிருந்தபோது குழுத் தலைவர் செனட்டர் லிண்ட்குவிஸ்ட், "அடுத்து எதிர்ப்பவர்கள். பெர்னடீன் கோலாரிக்," என்றார்.

அவள் மேடைக்குப் போய் உட்கார்ந்தாள். நேரம் தொடங்கியதற்கு அடையாளமாகப் பச்சை விளக்கு எரிந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, தலைவர் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம்மா. நீங்க மசோதாவை எதிர்க்கிறீங்களா?"

"கட்டுப்பாட்டை எதிர்க்கிறேன்."

"கட்டுப்பாட்டைத் தளர்த்தத்தான் மசோதாவே."

பெர்னடீன் யோசித்தாள். "அப்ப நான் மசோதா கட்சி. தப்பான கட்டத்துல டிக் போட்டுட்டேன். எந்திரிச்சுப் போயிடட்டுமா?"

அறையே சிரித்தது. "உக்காந்தாச்சு, சொல்லிட்டே போங்க," என்றார் தலைவர்.

"நீங்க சிரிச்ச நேரத்தை என் மூணு நிமிஷத்துல கழிக்கக் கூடாது."

மறுபடியும் சிரித்தார்கள். அப்போதுதான் பெர்னடீன் திரும்பி ஜாய்ஸைப் பார்த்தாள். ஜாய்ஸ் சிரிக்கவில்லை. பாதி தின்ற பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாதவளாக உட்கார்ந்திருந்தாள். மார்ட்டினைப் போன்ற ஒருவனால் அடிபட்ட வீட்டிலிருந்து இவள் வந்திருக்கிறாள் என்பது பெர்னடீனுக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. மனப்பாடம் செய்ததெல்லாம் தலையைவிட்டுப் போய்விட்டது.

"என் பையன் செஞ்சதுக்கு நான் சமாதானம் சொல்ல வரல," என்றாள். "எங்க போறான், யார் வீட்டுல தங்குறான், எல்லாம் எழுதி வாங்கிக்குங்க. என் அடக்கத்துல ஷெரிஃப் அவன் பக்கத்துலயே நிக்கட்டும், அவருக்கும் சேத்து சாண்ட்விச் போடச் சொல்றேன். ஆனா இருபத்தொரு நாள் முன்னாடி சொல்லிட்டுச் சாக என்னால முடியாது. டாக்டர்கிட்டக் கேட்டுப் பாத்துட்டேன். தேதி சொல்ல மாட்டேங்கிறாரு."

அடுத்து ஜாய்ஸ். ஃபைலைத் திறந்து படித்தாள். அவள் மகளுக்குக் கொடுமை செய்தவன் நூறு மைல் தாண்டி வந்த வேறொருவன். அவன் வருவது ஒரே ஒரு ஆளுக்கு முன்கூட்டித் தெரிந்திருந்தால்கூட மகள் தப்பியிருப்பாள். "மூணு நாள் போதாது. இருபத்தொரு நாள் அப்படியே இருக்கட்டும்," என்று முடித்தாள். முடித்தவள் எழுந்திருக்கவில்லை. நேரம் முடியப்போகிறது என்று மஞ்சள் விளக்கு வந்தது.

"பெத்தவங்க சாவுக்கு மட்டும் வேற வழி பண்ணுங்க," என்றாள். "ஷெரிஃப்கிட்டச் சொல்லிட்டு வந்துட்டுப் போகட்டும். அவங்க குடுத்த பன்னைத் தின்னதுக்காகச் சொல்லல."

நடைபாதையில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"நான் உங்க பக்கம் இல்ல," என்றாள் ஜாய்ஸ்.

"தெரியும். இருக்கணும்னு கேக்குற யோக்கியதை எனக்குக் கிடையாது."

பெர்னடீன் மீதிப் பன்களை டப்பாவோடு நீட்டினாள். ஜாய்ஸ் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு வாங்கிக்கொண்டு போனாள்.

வசந்தத்தில் மசோதா நிறைவேறியது, கை கால் வெட்டப்பட்டு. இருபத்தொரு நாள் அப்படியே நின்றது. நெருங்கிய உறவின் சாவுக்கு மட்டும், முந்தின நாள் ஷெரிஃபுக்கு ஃபோன் செய்து சொன்னால் போதும் என்று ஒரு பிரிவு சேர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு மகன் வரமுடியாதா, பிறந்தநாளுக்கு வரமுடியாதா என்று பெர்னடீன் ஒருநாள் முழுக்கக் கத்தித் தீர்த்தாள். மறுநாள் காலை காபி குடித்துவிட்டு, பேனாவை எடுத்து ஃபிரிட்ஜ் கதவுக்குப் போனாள். பென்சில் எழுத்தின் மேலேயே எழுதினாள். பிறகு மகனைக் கூப்பிட்டாள்.

"டேய், நான் இனிமே எந்தக் கிழமை வேணாலும் சாகலாம்."

"அவசரம் ஒண்ணும் இல்லையேம்மா?"

"இல்ல. உன்கிட்ட உருப்படியா ஒரு கோட்டு இல்ல, முதல்ல அதை வாங்கு."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்று, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பெட்டிக்கு எந்தப் பக்கம் நிக்கட்டும்மா?"

"முன்னாடி நில்லு," என்றாள் பெர்னடீன். "உங்கப்பாவைத் தூக்காததையும் சேத்துத் தூக்கணும்."