இஞ்ஞாசியின் கிரான்பெர்ரி மாத்திரை

திரேஸ்புரத்து இஞ்ஞாசி ரோச்சுக்கு அறுபத்தொரு வயது. இளமையில் சங்கு குளித்தார். இப்போது ஆழத்துக்குப் போவதில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளுக்கு அடியில்தான் வேலை. புரொப்பல்லரில் வலையோ கயிறோ சுற்றிக்கொண்டால் கத்தியோடு இறங்கி அறுத்து எடுப்பார். படகின் அடியில் கொட்டலசுச் சிப்பி ஒட்டி ஓட்டம் மந்தமானால், உளி பிடித்துச் சுரண்டுவார். வாயில் காற்றுக் குழாய், இடுப்பில் ஈயக்கட்டி. காலையில் இறங்கினால் வெயில் ஏறும்வரை தண்ணீருக்குள்தான்.

அவருக்கு நீர் சரியாகப் போகாமல் ஆகி இரண்டு வருடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வரிசையில் உட்காரும் வழக்கமுள்ளவர், பக்கவாசலை ஒட்டிய கடைசி பெஞ்சுக்கு வந்துவிட்டார். பிரசங்கம் முடிவதற்குள் இரண்டு தடவை வெளியே போவார். போனாலும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வரும். முடிந்துவிட்டது என்று திரும்பினால் மறுபடியும் முட்டும்.

மனைவி பிளாரன்ஸ் டாக்டரிடம் போகச் சொல்லி அலுத்துவிட்டாள். இஞ்ஞாசி நகரவில்லை. அதற்குக் காரணம் கித்தேரி. கூடச் சங்கு குளித்த கித்தேரிக்கு இதே தொல்லை வந்து, ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு, மூத்திரப் பையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். சாகும்வரை அந்த ஆள் இடுப்பில் கட்டிய சாரத்துக்குள் பையை மறைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். பை கட்டிய ஆள் கடலில் இறங்க முடியாது. இஞ்ஞாசிக்குக் கடலில் இறங்காத ஒரு நாளைக் கற்பனை பண்ணக்கூடத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் மருமகன் ஜோன்ஸ் கப்பலிலிருந்து விடுமுறையில் வந்தான். ஏதோ ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் வாங்கிய பெரிய புட்டி ஒன்றை மாமனார் முன்னால் வைத்தான்.

“மாமா, இது கிரான்பெர்ரி. எங்க சீஃப் இன்ஜினியர் தெனமும் போடுதாரு. யூரினுக்கு நல்லது, புராஸ்டேட்டுக்கு நல்லதுன்னு இதுலயே அச்சடிச்சிருக்கு பாருங்க.”

பிளாரன்ஸ் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவப்புச் சிவப்பாகப் பழங்களின் படம்.

“இது நம்ம களாக்கா மாதிரில்லா இருக்கு. களாக்காயத் தின்னா ஒண்ணுக்கு வருமாக்கும்? அதுக்குத்தான் கப்பலேறிப் போனீராவே மாப்பிள?”

“நீ சும்மா கெடளா,” என்று இஞ்ஞாசி புட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்.

மாத்திரை வேலை செய்தது. அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. அவர் அதை எப்படி அறிந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

தண்ணீருக்குள் வேலை செய்கிறவர்கள் ஒன்றுக்குப் போக மேலே ஏறி வருவதில்லை. இருந்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். குளிர்ந்த தண்ணீரில் தொடையைச் சுற்றிச் சட்டென்று ஒரு வெதுவெதுப்பு பரவும். கொஞ்ச நேரத்தில் கரைந்துபோகும். எவ்வளவு போனது, எப்படிப் போனது என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. சூடு வந்தால் போய்விட்டது என்று கணக்கு. இஞ்ஞாசி வாழ்நாளெல்லாம் தம் உடம்பை அப்படித்தான் அறிந்திருந்தார். மாத்திரை போட ஆரம்பித்த பிறகு படகுக்கு அடியில் சூடு நன்றாகவே தெரிந்தது, அடிக்கடியும் தெரிந்தது. கரையில் முக்கினாலும் வராததைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பழகாத இடத்தில் மாடுகூடச் சாணி போடாது என்றார்.

புட்டி தீர்ந்ததும் செந்தில்வேல் அண்ணாச்சியின் மெடிக்கலுக்குப் போனார். செந்தில்வேல் காலிப் புட்டியை வாசித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“வரவழைச்சுத் தாரேன், அதுக்கென்ன. ஆனா இது நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வார பொம்பளையாளுகளுக்குத்தான் எழுதுவாங்க. ஒமக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்தீரா?”

“கடல்ல ஜோராப் போவுது அண்ணாச்சி. ஸ்கேன் என்னத்துக்கு?”

“கடல்ல எல்லாருக்கும் எல்லாமே போவும்வே. கரையில போவுதான்னு கேக்கேன்.”

இஞ்ஞாசி சிரித்துவிட்டு வந்தார். தாம் கண்ட பலனைத் துறைமுகத்தில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தார். பிளாரன்ஸின் தம்பி ரெக்சன், அவனும் சங்கு குளிக்கிறவன், அவனுக்கும் இதே தொல்லை, அதே மாத்திரையை வாங்கிப் போட ஆரம்பித்தான்.

ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகளைக் கரையேற்றிவிட்டார்கள். அடிப்பலகையெல்லாம் வெயிலில் காய்ந்து நிற்க, தச்சர்களும் பெயின்ட் அடிக்கிறவர்களும் ஏறி இறங்கினார்கள். தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்ய ஆள் தேவையில்லை. இஞ்ஞாசி வீட்டில் இருந்தார்.

சொட்டு நீரும் குறைந்தது. ஒரு மாத்திரையை இரண்டாக்கினார், பிறகு மூன்று. அடிக்கடி எழுந்திருக்க வேண்டாம் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். சாப்பாடு இறங்கவில்லை, கால் வீங்கியது. ஆனாலும் அடிவயிறு மட்டும் உருண்டு முன்னால் வந்தது.

“சும்மா இருந்து தின்னா தொப்ப போடத்தான் செய்யும்,” என்று பிளாரன்ஸ் கேலி பண்ணினாள். பாயில் ஈரத்தைக் கண்ட காலையில் அவள் கேலியை நிறுத்தினாள். “இன்னைக்கு நீரு ஆஸ்பத்திரிக்கு வாரீரு. இல்லைன்னா மவ டெல்பினுக்கும் மருமவனுக்கும் போனப் போட்டுச் சொல்லிருவேன்.”

“சட்டையப் போட்டுட்டு வாரேன்,” என்றவர் பின்வாசல் வழியாகக் கடற்கரைக்கு நடந்தார்.

காலையிலிருந்து ஒரு சொட்டும் போகவில்லை. வலி விலா வரைக்கும் ஏறியிருந்தது. கடல் இளக்கிவிடும் என்று நம்பினார். கட்டிப் போட்டிருந்த நாட்டுப் படகுகளுக்கு நடுவே, கழுத்தளவு தண்ணீரில் போய் உட்கார்ந்து சூட்டுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. முக்கிப் பார்த்தார். ஊசி முனையளவு வந்த மாதிரி இருந்தது, அதுவும் நிச்சயமில்லை.

வள்ளத்தின் பலகை இடுக்குகளில் நூல் அடைத்துக்கொண்டிருந்த ரெக்சன் பார்த்துவிட்டான்.

“என்ன அத்தான், தடைக்காலத்துல யாருக்குக் கயிறறுக்க எறங்குனீரு?”

கிட்டே வந்து பார்த்தான். அத்தானின் பல் கிட்டியிருந்தது. கண்ணில் நீர் வழிந்தது. கடல் தண்ணீர் இல்லை அது.

“எந்திரிக்க முடியலலே ரெக்சா,” என்றார் இஞ்ஞாசி.

ஈரச் சாரத்தோடேயே ஆட்டோவில் ஏற்றினார்கள். வழிநெடுக ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் மாதாவைக் கூப்பிட்டார்.

சிறுநீரக மருத்துவர் அனுசியா, முப்பத்தைந்து வயதுப் பெண். இஞ்ஞாசி வெட்கத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எந்த டியூபுக்காக இரண்டு வருடம் ஒளிந்து திரிந்தாரோ, அதைப் போட்டதும் பத்து நிமிடத்தில் வலி போய்விட்டது. பை நிரம்பி நர்ஸ் வேறு பை மாற்றினாள். அவருக்கு அழுகை வந்தது, நிம்மதியிலா பயத்திலா என்று அவருக்கே தெரியவில்லை.

“கடல்ல நல்லாப் போச்சும்மா,” என்றார் சுவரைப் பார்த்து.

“எவ்வளவு போச்சுன்னு எப்படித் தெரியும்?”

“சூடு தெரியும்லா.”

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஐயா, தண்ணிக்குள்ள இருந்தா யாருக்குமே நீர் அதிகம் ஊறும். ஒடம்பும் கொஞ்சம் இளகும். ஆனா ஒங்களுக்கு வாசல் அடைச்சிருக்கு. கொடம் நிறைஞ்சு விளிம்புல வழியும்லா, அதத்தான் நீங்க போவுதுன்னு நெனச்சிருக்கீங்க. கொடம் காலியாவே இல்ல. தேங்குன தண்ணி மேல எதுத்து கிட்னி ரெண்டும் வீங்கிருக்கு.”

“அப்ப அந்த மாத்திரை?”

“அது ஒங்களக் கெடுக்கல. சில பேருக்குக் கிருமி திரும்ப வராமத் தடுக்கலாம், அவ்வளவுதான். வீங்குன புராஸ்டேட்ட அது சின்னதாக்காது. அத நம்பிச் சும்மா இருந்தீங்க பாத்தீங்களா, அந்தக் காலம்தான் கெடுத்துச்சு.”

அதற்கு மேல் இஞ்ஞாசி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “நான் திரும்பக் கடல்ல எறங்குவனா?”

“கிட்னி மொதல்ல தேறட்டும். பொறவு டியூப எடுத்துப் பாப்போம்,” என்றார் மருத்துவர்.

இரண்டு வாரம் டியூபோடு வீட்டில் கிடந்தார். பார்க்க வந்த ரெக்சன் பையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசினான்.

“ஏலே, ஒனக்கு எப்படிப் போவுது?” என்று கேட்டார் இஞ்ஞாசி.

“கடல்ல ஜோராத்தான் அத்தான்.”

“கடலத் தூரப் போடு. வீட்டுல ஒரு சொம்புல போய்ப் பாரு. எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு நேரம் நின்னேன்னு பாரு.”

ரெக்சன் மறுநாள் வந்தான். “அந்த டாக்டரம்மா எத்தன மணிக்கு இருப்பாங்க?” என்று மட்டும் கேட்டான்.

டியூபை எடுத்துப் பார்த்தபோது இஞ்ஞாசிக்கு நீர் போகவில்லை. மறுபடி போட்டார்கள். கிட்னி தேறியதும் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தார். வயிற்றைக் கிழிக்காமல், நீர் வரும் வழியாகவே கருவியை விட்டு அடைப்பைச் செதுக்கி எடுத்தார்கள். சில நாள் கழித்து டியூபை உருவிவிட்டு, அளவு போட்ட பிளாஸ்டிக் குவளையைக் கையில் கொடுத்தாள் நர்ஸ். “நல்லாத் தண்ணி குடிங்க. இதுல போயிட்டு எங்கிட்டக் காட்டணும்.”

குடித்தார். முட்டியது. வார்டுக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். வெளியே பிளாரன்ஸ் ஜெபமாலையோடு நின்றாள். மாலையில் ஐந்தாவது மணி நகர்ந்தது, ஆறாவது மணி நகர்ந்தது. உள்ளே சத்தமே இல்லை.

“என்னங்க? மயங்கிக் கியங்கி விழுந்துட்டீரா?”

“பேசாத இருளா. நீ கூப்பிடக் கூப்பிட வாரதும் நின்னுருது.”

பிளாரன்ஸ் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் பேச்சை நிறுத்தினார்கள். அப்புறம் குவளையின் அடியில் ஏதோ பட்டது. விட்டு விட்டு முதலில், பிறகு ஒரே தாரையாக. வார்டு முழுக்கக் கேட்டது. இஞ்ஞாசி குவளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார், பூசைக்குக் காணிக்கை கொண்டு போகிறவர் மாதிரி. கொஞ்சம் ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக, முக்கால் குவளை.

ஸ்கேனில் உள்ளே தங்கியது கொஞ்சம்தான் என்று தெரிந்தது. மருத்துவர் மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார்: “ஒன்றரை மாசம் கனம் தூக்கக் கூடாது, கடல்ல எறங்கக் கூடாது. வந்து காட்டுங்க, பொறவு எறங்கலாம். ஆனா இனிமே கரையில போயிட்டுத்தான் எறங்கணும். எவ்வளவு போவுதுன்னு ஒங்களுக்குத் தெரியணும்.”

“போயிருதேன்மா.”

“எங்க போவீரு?” என்றாள் பிளாரன்ஸ். “எத்தன வருசமா அந்த ஆர்பர்ல வேல பாக்காரு, அங்கன கக்கூஸ் எந்தப் பக்கம் இருக்குன்னே இவருக்குத் தெரியாதும்மா.”