தேவனூர் நாட்டில் மூன்று கம்ப்யூட்டர்களும் ஒரு மாவு மில்லும்

கொல்லிமலைக்குப் பெரும்பாலும் அருவி பார்க்கத்தான் போவார்கள். 2006 ஆகஸ்டில் நான் போனது மூன்று கம்ப்யூட்டர்களைப் பார்க்க. நான் ராசிபுரத்தில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். என்னோடு பி.எட். படித்த செல்வி, மலைமேல் தேவனூர் நாட்டில் (அங்கே சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்) ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறாள். அவள் போன் செய்தாள்: "எங்களுக்கு மூணு கம்ப்யூட்டர் குடுத்திருக்காங்கடி. உறை பிரிக்காமலே கெடக்குது. இந்த மாசக் கடைசிக்குள்ள பயன்படுத்தலைன்னா கீழ இருக்கற பள்ளிக்கூடத்துக்கு மாத்திருவாங்களாம். ரெண்டு நாள் வந்துட்டுப் போ."

நாமக்கல்லில் காலை ஆறரை பஸ். சோளக்காட்டுக்கு டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். மலையடிவாரத்தில், காரவள்ளியில், டிரைவர் டீ குடிக்க நிறுத்துவார். நீங்கள் எதுவும் சாப்பிடாதீர்கள். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நான் ஒரு பன் சாப்பிட்டுவிட்டு நாற்பதாவது வளைவில் பட்ட பாட்டை இங்கே எழுத வேண்டாம். ஒன்பது மணிக்குச் சோளக்காடு. பலாப்பழ வாசனையில்தான் தலை தெளிந்தது. அங்கிருந்து ஷேர் ஜீப், அரை மணி நேரம், பத்து ரூபாய்.

தலைமையாசிரியர் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஆனால் அறைச் சாவியைக் கொடுக்கும்போது கை தயங்கியது. "டீச்சருங்க, ஒண்ணு எரிஞ்சு போச்சுன்னா நான்தானுங்க பதில் சொல்லோணும்."

நான் டைப்பிங், படம் வரைவது என்று ஒரு பாடத்திட்டத்தோடு போயிருந்தேன். செல்வி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். "கம்ப்யூட்டரைச் சொல்லிக் குடுக்கறது அப்புறம். எந்தப் பாடத்துல புள்ளைங்க திணறுதுங்கன்னு முதல்ல பாப்போம்" என்றாள். எட்டாம் வகுப்புக்குப் போய்க் கேட்டோம். நிலா தேய்வதும் வளர்வதும் புரியவில்லை என்று பாதிப் பேர் சொன்னார்கள். என்னிடம் இருந்த சிடிகளில் ஒன்றில் அது இருந்தது: மவுஸால் நிலாவைப் பிடித்துப் பூமியைச் சுற்றி நகர்த்தலாம், அது இங்கிருந்து எப்படித் தெரியும் என்பது பக்கத்திலேயே வரும். அது போதும் என்று முடிவு செய்தோம்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். திரை வந்தது, அணைந்தது. மறுபடி வந்தது, அணைந்தது. ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. மீட்டர் வைத்துப் பார்த்தால் வோல்டேஜ் நூற்றைம்பதைத் தாண்டவில்லை. தலைமையாசிரியர் சாவிக்குக் கை நீட்டினார். "வேண்டாமுங்க டீச்சர், மூடிப் போடலாம்."

செல்வியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வயரையெல்லாம் மறுபடி சோதித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அறை அமைதியானது. அப்போதுதான் அதுவரை வெளியே ஏதோ இரைந்துகொண்டிருந்தது உறைத்தது. ஸ்டெபிலைசரில் பச்சை விளக்கு. மீட்டரில் இருநூற்றுப் பத்து.

"அது என்ன சத்தம்?"

"பூங்கொடியக்கா மில்லு" என்றாள் செல்வி. பள்ளிக்குப் பின்னாலேயே மாவு மில். சாமையும் ராகியும் அரைக்கிற பெரிய மோட்டார். மில்லுக்கும் பள்ளிக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர்.

மூவரும் போனோம். தலையிலிருந்து கால்வரை மாவாக நின்றிருந்த பூங்கொடியிடம், காலையில் ஒரு மணி நேரம் மில்லை நிறுத்த முடியுமா என்று செல்வி கேட்டாள்.

"அதெப்படிங்க? ஒம்பது மணி பஸ்ஸுல மூட்டையோட வர்ற சனம் பதினோரு மணி பஸ்ஸுக்குத் திரும்போணும். நான் நிறுத்துனா அவிங்க வேற மில்லுக்குப் போயிருவாங்க. அப்புறம் எங்க ஊட்டுப் பொழப்பு?"

அவர் சொன்னது நியாயம். வந்த மூட்டைகளெல்லாம் அதற்குள் அரைத்து முடிந்திருந்தன. பூங்கொடியே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்படி என்னதான் காட்டுறீங்க? வாரேன், பாக்கலாம்" என்று மில்லைப் பூட்டிவிட்டு வந்தார்.

அவர் மகள் கௌரி எட்டாம் வகுப்பு. அவளையே மவுஸைப் பிடிக்கச் சொன்னோம். முதல் இழுப்பிலேயே நிலா திரையின் மூலைக்கு ஓடியது. மெல்ல இழுத்துக்கொண்டு வந்து சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் நிறுத்தினாள். பக்கத்துப் படத்தில் நிலாவே இல்லை. "அம்மா, இதுதான் அமாவாசை. வெளிச்சமெல்லாம் அந்தப் பக்கம் விழுகுது."

பூங்கொடி குனிந்து பார்த்தார். "அப்ப அமாவாசைக்கு நெலா எங்கயும் போறதில்லையா கண்ணு?"

"இல்லம்மா, அங்கயேதான் இருக்குது."

"அடி சாமி! இத்தனை வருசமா அங்கயேதான் இருந்துச்சா!" என்று சிரித்துவிட்டார். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். தலைமையாசிரியரும்தான்.

கிளம்பும்போது பூங்கொடி தலைமையாசிரியரிடம் சொன்னார்: "காலைல ஆகாதுங்க. மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் கூட்டம் கம்மி. வாரத்துல ரெண்டு நாள்னா நிறுத்திக்கறேன். உங்களுக்குத் தோதுப்படுமா?"

தோதுப்பட வேண்டுமென்றால் பள்ளியின் கால அட்டவணையையே மாற்ற வேண்டும்; அறிவியல் காலையில் இருந்தது. தலைமையாசிரியர் அட்டவணை எழுதியிருந்த கரும்பலகைக்குப் போனார். டஸ்டரை எடுத்து, செவ்வாயையும் வியாழனையும் அவரே அழித்து எழுதினார். சாவியைச் செல்வியின் கையில் கொடுத்துவிட்டார்.

மறுநாள் முழுக்க நானும் செல்வியும் திட்டம்தான் போட்டோம். ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர். மற்றவர்கள் அதே பாடத்தைப் பந்தையும் டார்ச்சையும் வைத்துச் செய்ய வேண்டும். பாதியில் மாற வேண்டும். என் டைப்பிங் பாடத்தை டிசம்பருக்குத் தள்ளிவிட்டாள். மாதக் கடைசியில் பார்வையிட வந்த அலுவலர், வகுப்பு முடியும்வரை பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம். கம்ப்யூட்டர்கள் மலையிலேயே இருக்கின்றன.

என் பள்ளியில் இருபது கம்ப்யூட்டர்கள் உண்டு. எந்தப் பாடத்துக்கு என்று அங்கே யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம். கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், மூன்று மணிக்கே சோளக்காட்டுக்கு வந்துவிடுங்கள். மிளகு அங்கேயே வாங்குங்கள். மலைச்சாமை வாங்கி அங்கேயே அரைத்து வர நினைத்தால் பூங்கொடியக்கா மில் நல்ல மில். செவ்வாய், வியாழன் மதியம் மட்டும் போகாதீர்கள். கதவில் சாக்பீஸால் எழுதியிருக்கும்: "பாடம் நடக்குது. நாலு மணிக்கு மேல் அரவை."