இரண்டாம் பத்தியில் கண்ட சங்கதி

சித்தப்பா வக்கீல் குமாஸ்தா. கோர்ட்டில் ஒருவர் மனுவில் உண்மை என்று எழுதிவைப்பதற்குப் பெயர் சங்கதி. எதிராளி அதைப் பத்தி பத்தியாக மறுக்க வேண்டும். மறுக்காமல் விட்டால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். இருபத்திரண்டு வருடம் இதையே எழுதி எழுதி அவருக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது.

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை, குழாய் ரிப்பேர்காரர வரச்சொல்ல மறந்துட்டீங்க" என்பாள் சித்தி.

"செவ்வாய்க்கிழமைங்கறத ஒத்துக்கறேன். மத்தத மறுக்கறேன்."

ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் சித்தப்பா மேல் வழக்குப் போட்டுவிட்டார். மாடியில் காயும் துணியிலிருந்து தண்ணீர் சொட்டி அவருடைய ஸ்கூட்டர் சீட் ஊறுகிறதாம். 'எனக்கே வக்கீலா' என்று சித்தப்பா தானே பதில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ஆனால் ஒரு வரியைக்கூட நின்று யோசிக்கவில்லை. யோசிக்கத்தான் படித்தேனா, வேகமாகத் தட்டத்தான் படித்தேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

விசாரணை நாளில் நீதிபதி பதிலைப் புரட்டினார். கடைசி பெஞ்சில் சித்தி உட்கார்ந்திருந்தாள்.

"இரண்டாவது பத்தியில, நீங்க மனைவியோட மாடியில குடியிருக்கீங்க, அவங்கதான் துணி காயப்போடறாங்கன்னு வாதி சொல்றார். நீங்க, 'இதில் கண்ட சங்கதிகள் யாவும் உண்மையல்ல, வாதி தக்க சாட்சியம் கொண்டு நிரூபிக்க வேண்டும்'னு எழுதியிருக்கீங்க. அப்ப பின்னாடி உக்காந்திருக்கறது யாரு?"

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது. "அதையும் வாதிதாங்கய்யா நிரூபிக்கணும்."

கோர்ட்டே சிரித்தது. சித்தி எழுந்து நேராகத் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் சமாதானத் தூது போனேன்.

"பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு சாட்சி கேக்கறாரா உங்க சித்தப்பா? நிரூபிச்சுட்டு வந்து கூப்பிடச் சொல்லு."

"சித்தி, டைப் அடிச்சது நான்தான்."

"நீ காலேஜுக்குப் போனதே வேஸ்ட்டுடி."

அதை நான் மறுக்கவில்லை.

நான்காம் நாள் சித்தப்பாவே வந்தார், சவரம்கூடச் செய்யாமல். பதிலைத் திருத்த மனு போடப் போவதாகச் சொன்னார். சித்தி ஒரு வெள்ளைத்தாளை என்னிடம் நீட்டினாள்.

"நான் சொல்றத எழுது. ஒண்ணு, நான் இவரோட பொண்டாட்டி. ரெண்டு, என் சமையல் நல்லாருக்குன்னு இவர் ஒரு நாளும் வாயத் தொறந்து சொன்னதில்ல. மூணு, இவர் குறட்டை விடறார்."

"மூணாவதுக்கு ஆதாரம்..." என்று ஆரம்பித்தார் சித்தப்பா.

"நீங்க தூங்கறப்ப முழிச்சுக் கெடக்கறது நான்தான். நேரடி சாட்சி."

சித்தப்பா பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு மூன்று பத்திக்கும் எதிரே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் பத்தி மட்டும் கோர்ட்டுக்குப் போனது. வீட்டுக்குத் திரும்ப இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். எனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.