ஈரத் துணியும் பெருமாள்சாமியின் டிரம் அடுப்பும்

பேண்டேஜ் துணியை வெளுத்துக் காயப்போடுற தொழில்ல இருக்கிறவுக ஐப்பசியில மேகத்தைப் பார்த்தாலே எரிஞ்சு விழுவாக, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. எண்பதுகள்ல ராஜபாளையத்துல நானும் அப்படி விழுந்தவன்தான்.

அடுத்த ஷெட்டு

ஒரு வாரமா விடாத மழை. என் ஷெட்டுல கொடி பூரா ஈரத் துணி, ஒரே முடை நாத்தம். பக்கத்து ஷெட்டு பெருமாள்சாமியோ பாட்டுப் பாடிக்கிட்டே காஞ்ச துணியை மடிக்கான். காலித் தார் டிரம்மை வெட்டி அவனே விறகடுப்பு செஞ்சு, துணி காயப்போடுற அறையைச் சூடாக்கிட்டானாம். கேட்டதும் எனக்கு வயிறு பத்திக்கிட்டு வந்துச்சு. வருஷக்கணக்கா என்கிட்டயே துணி எடுக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர் வியாபாரி செல்வராஜ் அண்ணாச்சி அன்னைக்கு வந்தாக. என் துணியைத் தொட்டுப் பார்த்துட்டு நிதானமாச் சொன்னாக:

"வெள்ளிக்கிழமைக்குள்ள காய வையும் தம்பி. இல்லைன்னா பெருமாள்சாமிகிட்ட எடுத்துக்கிடுதேன்."

எட்டிப் பார்த்துச் செஞ்சது

அவன்கிட்டப் போய் யோசனை கேட்கவா? செத்தாலும் மாட்டேன். அவன் சாப்பிடப் போன நேரம் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். டிரம்மு, புகைக்குழாய், அம்புட்டுதானே! ரெண்டே நாள்ல நானும் ஒண்ணு செஞ்சு அறைக்கு நடுவுல நிறுத்தினேன். கருவேல விறகு நல்லாத்தான் எரிஞ்சுச்சு. ஆனா விறகு போட மூடியைத் திறக்கிறப்பல்லாம் புகை அறைக்குள்ளேயே சுத்துச்சு. சாயங்காலம் பார்த்தா, வெள்ளைத் துணி அம்புட்டும் டீ வடிகட்டின துணி மாதிரி தொங்குது. துணி மடிக்கிற தாயம்மாக்கா ஒரு துண்டைத் தூக்கிக் காட்டிக் கேட்டாக:

"இதைக் கட்டினா இருக்கிற புண்ணு ஆறுமா, புதுசா வருமா?"

தேடி வந்த உபகாரம்

புகையைப் பார்த்துட்டு மறுநாள் பெருமாள்சாமியே வந்துட்டான். நக்கலடிக்கப் போறான்னு நின்னேன். அவன் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, சுவத்துல ஓட்டை போட்டு, டிரம்மை அங்கே நகத்தி, விறகு போடுற வாயை வெளிப்பக்கம் திருப்பி வச்சான். விறகு போடுறது வெளியே, சூடு மட்டும் உள்ளே. அவன் அறையிலயும் வாய் பின்சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்ததால என் கண்ணுல படல. கேட்டிருந்தா முதல்லயே வந்திருப்பேனேன்னான். ஒரு கேலி கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கல.

கறைபட்டதைத் திரும்ப வெளுத்து, வெள்ளிக்கிழமைக்குள்ள மொறுமொறுன்னு காய வச்சுட்டேன். அண்ணாச்சி தடவிப் பார்த்து, அம்புட்டையும் எடுத்துக்கிடுதேன்னாக. நான் நெஞ்சை நிமித்தின நேரம் பார்த்துச் சொன்னாக:

"பெருமாள்சாமி வச்சுக் கொடுத்த அடுப்பாமே? அதான பார்த்தேன்."

ஆர்டர் என்கிட்டயே நின்னுச்சு, ஆனா அந்தப் பெருமாள்சாமி கொஞ்சம் கெட்டவனா இருந்து தொலைச்சிருந்தா நான் எம்புட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.