தெம்பனிஸ் இளநீர்

இளநீர் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடிக்கிறவர்கள் தாராளமாகக் குடிக்கட்டும், என் கண்ணெதிரே மட்டும் வேண்டாம்.

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். துறைமுக அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்த என் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும். தமிழ் டாக்டர் ஒருவர் பட்டென்று சொல்லிவிட்டார்.

"சிறுநீர் குறைஞ்சுபோச்சு, குடிக்கிறதையும் குறைக்கணும். ஒரு நாளைக்கு ஒரு போத்தல் தண்ணிதான். தேத்தண்ணி வேணும்னா பால் விடாம, அதுவும் அந்தப் போத்தல் கணக்குலதான். ரசம், கஞ்சி எல்லாமே தண்ணிதாம்மா. பழச்சாறு, இளநீர் பக்கமே போகக் கூடாது. அதுல உள்ள பொட்டாசியம் இவர் உடம்புல தங்கிட்டா இதயமே நின்னுடும்."

இதை நம் ஆட்களிடம் சொல்லி மாளுமா? நமக்குச் சிறுநீர்க் கோளாறு என்றால் சூடு, சூடு என்றால் இளநீர். பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். "நல்லா குடிச்சாத்தானே கழுவிக்கிட்டுப் போகும் லா!" என்று எனக்கே பாடம் நடத்துவார்கள். அவரோ, நீட்டியதை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனுஷன். வாசலிலேயே மறித்து மறித்து, அந்தச் சந்து முழுக்க எனக்கு ராட்சசி என்று பெயர் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும்!

என் நாத்தனாரை மட்டும் மறிக்க முடியவில்லை. அவருடைய அக்கா, தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அப்போது தெம்பனிஸ் என்றால் தோப்பும் மண்சாலையும்தான். அங்கிருந்து பஸ் மாறி, கூடை நிறைய இளநீர் சுமந்து வருவார். ஒருநாள் நான் தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்து, தம்பிக்கு வயிறு முட்டக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் என் கணவருக்கு மூச்சு இழுத்தது, நெஞ்சு தாறுமாறாக அடித்தது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"உங்க பாசத்தாலயே ஆளைக் கொன்னுடுவீங்க போலிருக்கே அண்ணி!" என்று வராந்தாவிலேயே கத்தினேன்.

"ஒரு வாய் தண்ணிக்கு என் தம்பிய ஏங்கவிடுறியேடி, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று அவரும் விடவில்லை.

என் கணவர் பிழைத்துக்கொண்டார். டாக்டர் அண்ணியைத் தனியே உட்காரவைத்துப் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். அதன் பிறகு அண்ணி எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. "அக்கா வரலையா?" என்று இவர் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டையைப் பிளக்கும் வெயிலில் அண்ணி வந்து நின்றார். கையில் கூடை இல்லை. முகமெல்லாம் வியர்வை, உதடு காய்ந்திருந்தது. காப்பி கொண்டுவந்து நீட்டினேன். தொடவில்லை. தண்ணீராவது குடியுங்கள் என்றேன்.

"வேணாம்மா. அவன் நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கான். எனக்கு மட்டும் எப்படி இறங்கும்?"

கோபத்தில் சொல்லவில்லை, பாவம். இதைக் கேட்டதும் என் கணவர் கையை நீட்டித் தன் போத்தலை எடுத்தார். ராத்திரிவரைக்கும் அதில் இருந்ததுதான் அவருக்கு. நான் வாய் திறப்பதற்குள் அத்தனையையும் ஒரு டம்ளரில் ஊற்றி அக்காவிடம் கொடுத்தார்.

"குடிக்கா. இது என் பங்கு. இதையும் வேணாம்னு சொல்லிடாத."

அண்ணி இரண்டு கையாலும் வாங்கி, அழுதுகொண்டே குடித்தார். போத்தலைத் திரும்ப நிரப்பப் பானைப் பக்கம் போனேன். என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. நான் குடிச்சாச்சு."

அன்று ராத்திரிவரை அவர் தண்ணீர் கேட்கவே இல்லை.