பத்லிக்குப் போன நாள்

குஞ்சம்மாளைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் டெல்லியில் யாரும் இல்லை. அவளைப் பார்த்து என்னைவிட அதிகமாக வயிறு எரிந்தவரும் யாரும் இல்லை. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்வதில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனக்புரிக்குப் பின்னால் பெரிய சாக்கடைக் கால்வாய்க் கரையில் முருகன் கேம்ப் என்று ஒரு குடிசைக் குடியிருப்பு இருந்தது. போன வருஷம் வரை இருந்தது. முந்நூறு தமிழ்க் குடும்பங்கள். நான் அங்கேயே பிறந்தவள். விழுப்புரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த என் அப்பா மூங்கிலும் பிளாஸ்டிக் தாளும் வைத்துப் போட்ட குடிசையை, நானும் என் புருஷன் ஐயப்பனும் செங்கல் வைத்துக் கட்டினோம். எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம், கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து குஞ்சம்மாள் வந்து சேர்ந்தாள். புருஷன் செத்துப்போய், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. எங்கள் சுவரை ஒட்டிச் சாய்ப்பு இறக்கிக்கொள்ள இடம் கொடுத்ததே நான்தான். முதல் வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். அதற்குமேல் அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஆனால் அவளுக்கு என்று ஒரு ராசி உண்டு. பாத்திரம் தேய்க்க ஒரு வீட்டுக்குள் நுழைவாள், இரண்டே மாதத்தில் அந்த வீட்டு அடுப்பு அவள் கைக்கு வந்துவிடும். நான் பன்னிரண்டு வருஷம் தேய்த்த வீட்டில் இன்றைக்கும் நான் பாத்திரக்காரிதான். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். ஹிந்தி அட்சர சுத்தமாகப் பேசுவேன், எழுதுவேன். அவள் பேசும் ஹிந்தியில் பாதி தமிழ்தான் இருக்கும். "பையா, ஜல்தி குடுங்க ஜி, தக்காளி அச்சா இல்ல" என்பாள். காய்காரன் சிரித்துக்கொண்டே நல்ல தக்காளியாகப் பொறுக்கிப் போடுவான். எனக்கு அழுகலைப் போடுவான். என் மகள் பத்தாவதோடு நின்றாள். அவள் மகள் கோமளா நர்ஸுக்குப் படித்து, இப்போது கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி வேலை. கோமளா தேர்வில் பாஸானதற்குக் குஞ்சம்மாள் எனக்குக் கேசரி கொண்டுவந்தாள். நெய் மணக்க இருந்தது. தின்றுவிட்டு, இனிப்பு கொஞ்சம் அதிகம் என்றேன்.

இதெல்லாம் சின்ன எரிச்சல்கள். பெரியது, கேம்ப்பை இடிக்கும் முன் குடியிருப்பவர்களைக் கணக்கெடுத்த சர்வே நாளில் வந்தது.

எங்கள் கேம்ப்பில் பத்லி என்று ஒரு பழக்கம். ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால், அவளுக்குப் பதிலாக, அவள் வேலை செய்யும் வீட்டுக்கு, கேம்ப்பில் பக்கத்து வீட்டுக்காரி போகவேண்டும். போகாவிட்டால் மேடம் வேறு ஆளை வைத்துக்கொள்வாள், வேலை போய்விடும். கேட்டால் மறுக்கக் கூடாது, கூலி வாங்கக் கூடாது. நாளைக்கு நம் முறை வரும்.

அந்த வாரம் குஞ்சம்மாள் குழாயடியில் வழுக்கி விழுந்து கால் வீங்கிக் கிடந்தாள். "மேகலா, லதா மேடம் வீட்டுக்கு மட்டும் போயிட்டு வந்துருடி. அவங்க வீட்டுக்காரர் மத்தியானம் சாப்பிட வர்றதுக்குள்ள சமையல் முடியணும்" என்றாள். போனேன். ஐயப்பன் பெயின்ட் வேலைக்குப் போயிருந்தார், மகள் தையல் வகுப்பில். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் லதா மேடம் வீட்டில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பதினொரு மணிக்கு, கேம்ப்புக்குள் சர்வேக்காரர்கள் நுழைந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் இடத்தைப் பதினொரு மணிக்குக் கணக்கெடுக்க வந்த புத்திசாலிகள். கால் வீங்கியவளும் வேலையில்லாதவனும் வீட்டில் இருந்தார்கள், எழுதிக்கொண்டார்கள். உழைக்கப் போனவர்கள் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது, எழுதிக்கொண்டார்கள்.

"நான் சொன்னேன்டி, இங்கயே பொறந்தவ, என் வேலைக்குத்தான் போயிருக்கான்னு கத்துனேன். அவன் காதுலயே வாங்கல" என்றாள் குஞ்சம்மாள் அன்று சாயங்காலம். தலையை ஆட்டினேன். மனசுக்குள், நீ கத்தியிருக்கமாட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். இடிக்கப்படும் வீடுகளுக்குப் பதிலாக நரேலாப் பக்கம் அடுக்குமாடியில் வீடு கிடைக்கப்போகிறவர்களின் பட்டியல். குஞ்சம்மாள் பெயர் இருந்தது. என் வீட்டு எண்ணுக்கு எதிரே, மூன்று முறை சென்றோம், பூட்டியிருந்தது, குடியிருப்பவர் இல்லை என்று இருந்தது. வந்ததே ஒரு முறை. நாற்பத்தொரு வருஷம் குடியிருந்தவள் இல்லை, என் சுவரில் சாய்ந்துகொள்ள வந்தவள் இருக்கிறாள். பட்டியலுக்கு முன்னால் நின்று குஞ்சம்மாள் என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன்.

ஜூன் மாதம் இடித்தார்கள். அதை விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. ஐயப்பன் கதவை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார். இப்போது இருக்கும் வாடகை அறையில் அதை வைக்க இடமில்லாமல் மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கிறது.

குஞ்சம்மாள் நரேலா போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம்தான் வந்தாள். "ரெண்டு ஜன்னல்டி. சமையல் ரூமுக்குள்ளயே குழாய். திருகுனா தண்ணி வரல, இன்னும் கனெக்‌ஷன் குடுக்கல, ஆனா குழாய் இருக்கு" என்றாள். ஊருக்கு வெளியே, பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்கவேண்டும், வேலை வீடுகள் எல்லாம் போய்விடும் என்று அழுதாள்கூட. எனக்கு அந்த அழுகை காதில் ஏறவில்லை. குழாய்தான் ஏறியது. அவள் சமையலறையில் குழாய். அன்று என் சோறு எனக்கு இறங்கவில்லை.

"நீ அப்பீல் பண்ணுடி. நான் சாட்சி சொல்றேன்" என்றாள் கிளம்பும்போது.

"உன் சாட்சி எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றேன்.

மறுநாள் வீடு ஒதுக்கும் ஆபீஸுக்கு ஒரு கடுதாசி எழுதினேன். ஹிந்தியில், அழகான கையெழுத்தில், பெயர் போடாமல். முருகன் கேம்ப்பில் வீடு ஒதுக்கப்பட்டிருக்கும் குஞ்சம்மாள் உண்மையில் டெல்லிவாசி அல்ல, வருஷத்தில் பாதி நாள் ஊரில் இருப்பவர், சொந்த ஊரில் அவர் பெயரில் நீலக் கதவு போட்ட மாடி வீடு இருக்கிறது, விசாரிக்கவும். ஆடி மாதத்தில் பத்து நாள் கோயிலுக்குப் போவதைப் பாதி வருஷம் ஆக்கினேன். வீடு உண்மைதான். அரசாங்க வீட்டுத் திட்டத்தில் அவள் பெயரைக் கொடுத்து அவள் கொழுந்தன் வாங்கிக்கொண்டது. அவளை வாசற்படி ஏறவிடவில்லை. அந்த வீட்டின் படத்தைப் போனில் காட்டி அவள் என் மடியில் அழுதிருக்கிறாள். அதையும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். வெட்கப்பட்டேன் என்று சொன்னால் பொய்.

நானும் அப்பீல் போட்டிருந்தேன், விசாரணை நவம்பரில் வந்தது. ஐயப்பனுக்கு வேலை நாள், நான் மட்டும் போனேன். நான் அன்று வேலையில் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டுமே என்று முன்பே லதா மேடத்திடம் கேட்டிருந்தேன். "எங்கள இதுல இழுக்காதம்மா, எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகப்போற சமயம்" என்றுவிட்டார். வெறுங்கையோடு அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

விந்தி விந்தி ஒருத்தி படியேறி வந்தாள். கையில் முத்திரைத்தாள். குஞ்சம்மாள்.

"வேணாம்னு சொன்னேனே" என்றேன்.

"நீ சொல்லுவ. அன்னிக்கு நீ என் வேலைக்குப் போகலன்னா உன் வீடு தெறந்திருக்கும். பத்லிக்குப் போனவளுக்கு நான் பதில் சொல்லாம யார் சொல்றது?" என்றாள். நோட்டரியிடம் போய் எழுதி வாங்கியிருந்தாள். கீழே நான் கற்றுக்கொடுத்த கையெழுத்து, ஞ கொஞ்சம் கோணலாக.

அதிகாரி பொறுமையான மனுஷன்தான். நான் என் ஹிந்தியில் கேட்டேன்: "மூன்று முறை வந்ததாக எழுதியவர் யார்? அவரைக் கூப்பிடுங்கள். எந்தெந்தத் தேதி என்று சொல்லட்டும்." அவர் கோப்பைப் புரட்டினார். சர்வே எடுத்தது ஒப்பந்த ஆட்கள் என்றார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று அவருக்கும் தெரியாது என்றார். "அப்படியானால் பதில் சொல்ல வேண்டியது யார்?" என்றேன். "நீங்கள்தான். குடியிருந்ததை நிரூபிக்க வேண்டியது நீங்கள்" என்றார்.

குஞ்சம்மாள் முத்திரைத்தாளை நீட்டினாள். அவர் முழுவதும் படித்தார். முகம் மலர்ந்தது. சர்வே நாளில் நேரில் இருந்து பதிவான பக்கத்து வீட்டுக்காரரின் சாட்சி செல்லும், விதியிலேயே இருக்கிறது என்றார். வீடு என் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் குஞ்சம்மாளின் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவர்மீதே ஒரு புகார் இருக்கிறது. இவர் டெல்லிவாசிதானா என்று விசாரணை நடக்கிறது. அது முடியும்வரை இவருடைய சாட்சியை எடுக்க முடியாது" என்றார்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். கிராமத்திலிருந்து அறிக்கை வர ஆறு மாதம் ஆகலாம். உங்கள் மனுவை இந்த மாதக் கடைசிக்குள் முடித்தாக வேண்டும். புகார் எழுதியவரே வந்து எழுத்தில் வாபஸ் வாங்கினால் உடனே முடியும், ஆனால் இது மொட்டைக் கடுதாசி, யார் என்று தெரியாதே என்றார். புகாரின் நகலைக் குஞ்சம்மாள் கையில் கொடுத்து, பதில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

வெளியே மாடிப்படியில் உட்கார்ந்தோம். குஞ்சம்மாள் என் முழங்காலைத் தொட்டு, "மன்னிச்சிக்கடி. என்னால உன் காரியமும் கெட்டுப்போச்சு" என்றாள். பிறகு நகலை என் மடியில் வைத்தாள். "என்ன எழுதியிருக்கான் படுபாவி? படிச்சுச் சொல்லு."

மாற்றிப் படித்திருக்கலாம். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? ஆனால் என் கையெழுத்து என்னையே பார்த்தபோது பொய் வரவில்லை. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். டெல்லிவாசி அல்ல. பாதி வருஷம் ஊரில். அவள் "அடப்பாவி, அடப்பாவி" என்றுகொண்டே வந்தாள். ஊரில் நீலக் கதவு போட்ட மாடி வீடு என்றேன். சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"நீலக் கதவுன்னா போட்டிருக்கு?"

"ஆமா."

கீழே போகிற பஸ்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்தப் படத்த நான் உன்கிட்ட மட்டுந்தானடி காட்டுனேன். கோமளாகிட்டகூடக் காட்டல" என்றாள்.

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவள் சுருக்குப்பையைத் திறந்து, கையெழுத்துப் போடுவதற்காகக் கொண்டுவந்த பேனாவை எடுத்தாள். என் பக்கம் நீட்டினாள்.

"எழுது. அந்த வீட்டுல ஒரு நாள்கூட நான் படுத்ததில்லன்னு எழுது. என் கொழுந்தன் ஏமாத்தி வாங்குனான்னு எழுது. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"அக்கா..."

"அக்கான்னு கூப்புடாத. எழுது. கடுதாசி போட்டது யாருன்னும் எழுது. அப்பத்தான் கேஸ் மூடுவாங்க. மாசக் கடைசிக்குள்ள மூடுனாத்தான் என் சாட்சி உனக்கு செல்லும்."

பொய்ப் புகார் கொடுத்தவளின் மனுவை அந்த அதிகாரி ஏற்பாரா, தூக்கி எறிவாரா என்று எனக்குத் தெரியாது. அதற்கு என்ன விதி என்றும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அப்போதும் எனக்கு அவள்மேல் பொறாமைதான் வந்தது. அக்கா என்று கூப்பிடாதே என்று சொன்ன அதே மூச்சில் என் வீட்டைப் பற்றியும் யோசிக்க இவளுக்கு மட்டும் எப்படி வருகிறது? எனக்கு ஏன் ஒரு நாளும் வரவில்லை?

பேனாவை வாங்கிக்கொண்டேன். அந்த நகலின் பின்பக்கத்தில், மேல் வரியில், ஹிந்தியில், என் முழுப் பெயரை எழுதினேன்.