எத்தனை நாளா இருக்கு?

குழாய்க்காரர் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் கருவிப் பையைத் திறப்பதில்லை. ஈரம் ஊறிய சுவருக்கு முன்னால் போய் நின்று, அதில் பூத்த உப்பை நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். வீட்டு அம்மாள் முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும். "இது இன்னைக்கு நேத்து வந்த கசிவு இல்லம்மா. ஒன்றரை வருஷம் ஆச்சு. பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்கீங்க" என்பார். போன மாதம்தானே பார்த்தோம் என்று யாராவது வாய் திறந்தால் விடமாட்டார். "நீங்க பார்த்தது போன மாசம். அது வந்தது ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி."

'சுமாரா' என்ற சொல் அவருக்கு ஆகாது. சுமாரா என்கிறவன் சுமாராகத்தான் வேலை செய்வான் என்பது அவர் கட்சி. கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டால் இருபத்தாறு வருஷம் நாலு மாசம் என்பார். "மணியையும் சொல்லிடுங்க, குறையா இருக்கப்போகுது" என்பாள் மனைவி.

அப்படிப்பட்டவருக்கு அடிவயிற்றில் ஒரு புடைப்பு. மூன்றாம் மாடிக்கு இரும்புத் தொட்டியைத் தோளில் ஏற்றிய அன்று வந்தது. முதலில் எலுமிச்சை அளவு, இப்போது ஒரு கைப்பிடி. குனிந்தாலோ இருமினாலோ வெளியே வரும். படுத்தால் உள்ளே போகும். துணியை வரிந்து கட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறினார். ஊரார் வீட்டுக் கசிவை ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்கிற மனிதர், தன் வயிற்றை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளினார். ஆம்பிளைகள் புத்தியே அப்படித்தான். போன மாதம் பாதிப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க அரை மணி ஆயிற்று. குடலிறக்கம், பிதுங்கிய குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார் தெருமுனை டாக்டர்.

மருமகன் ஒரு வருஷத்துக்கு முன் தன் இன்சூரன்ஸில் மாமனாரையும் சேர்த்திருந்தான். "கவலையே படாதீங்க மாமா, கார்டைக் காட்டினா போதும், மத்ததெல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க" என்று தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். குளிர்ந்த அறை, மெத்தை வைத்த நாற்காலி, சிரித்த முகம், எல்லாம் இருந்தது. இன்சூரன்ஸ் மேசையில் இருந்த பெண் படிவத்தை எடுத்தாள். "இது எத்தனை நாளா இருக்கு சார்?"

அவருக்கென்றே பிறந்த கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணு வருஷம் ரெண்டு மாசம் ஆச்சும்மா. ஒரு செவ்வாய்க்கிழமை."

அந்தப் பெண் நல்ல மனசுக்காரி. பேனா காகிதத்தில் படாமல் நின்றது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். சுமாரா ஒரு ரெண்டு மாசம் இருக்குமா?"

"சுமாராவெல்லாம் நம்மகிட்ட கிடையாதும்மா. தேதி வேணும்னாலும் சொல்றேன்."

மேசைக்கு அடியில் மனைவி அவர் காலை மிதித்தாள். "ஏன் மிதிக்கிறே? கேட்டாங்க, சொல்றேன்!"

நாலாம் நாள் பதில் வந்தது. பாலிசிக்கு முன்பே இருந்த நோய், இப்போது செய்ய வழியில்லை, இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்று. நோய் வந்தவன் வரக்கூடாது, வராதவன் வரலாம் என்றால் அது எந்த ஊர் ஆஸ்பத்திரியோ! "உண்மை விளம்பினதுக்குப் பட்டயம். கண்ணாடி போட்டு மாட்டிக்குங்க" என்று மனைவி அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தாள்.

அடுத்த மாதம் அரசு ஆஸ்பத்திரிதான். அங்கே காசு கேட்கமாட்டார்கள், காலில் பலம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். காலை ஆறு மணிக்குச் சீட்டு வாங்கியவர் பதினொன்றரை வரை நின்றார். தனியாரில் காகிதம் காத்துக் கிடந்தது, இங்கே ஆள். டாக்டர் சின்ன வயசுக்காரர், தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. மேசையைச் சுற்றி எட்டுப் பேர், வாசலில் ஐம்பது பேர். எழுதிக்கொண்டே கேட்டார்: "எத்தனை நாளா இருக்கு?"

சூடு கண்ட பூனை அல்லவா! குழாய்க்காரர் முந்திக்கொண்டார். "சுமாரா... ஒரு ரெண்டு மாசம் இருக்கும் சார்."

"வலி?"

"அப்படி ஒண்ணும் பெரிசா இல்ல சார்."

"அப்ப அவசரமில்ல. ஆபரேஷனுக்கு எட்டு மாசம் கழிச்சு வாங்க. அடுத்தது யாரு?"

வராந்தாவில் மனைவி சீட்டை வாங்கிப் பார்த்தாள். "எட்டு மாசமா? உள்ள என்ன சொல்லித் தொலைச்சீங்க?" சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "மறைக்க வேண்டிய இடத்துல கொட்டினீங்க. கொட்ட வேண்டிய இடத்துல மறைச்சீங்க. உங்களைக் கட்டிக்கிட்டு..."

"பழசுன்னுதானே அங்க துரத்தினாங்க?"

காலில் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் சிரித்துவிட்டார். "இது வேற கடை அண்ணே. இங்க சரக்கு பழசா இருந்தாத்தான் மதிப்பு. ஒன்பது வருஷமா வலின்னு சொன்னேன், அடுத்த வாரமே தேதி கொடுத்துட்டாங்க."

"நிஜமாவே ஒன்பதா?"

"ஆறு."

அந்த மூன்று வருஷப் பொய்யைக் குழாய்க்காரரால் தாங்க முடியவில்லை. ஆனால் எட்டு மாதம் மாடி ஏறாமல் வீட்டில் அடுப்பு எரியாது. ஏறினாலோ, எந்தப் படியில் குடல் சிக்குமோ? "போங்க. போய் உள்ளதைச் சொல்லுங்க" என்று மனைவி முதுகில் கை வைத்துத் தள்ளினாள். வாசலில் நின்ற காவலாளி தடுக்கத் தடுக்க அவர் உள்ளே புகுந்துவிட்டார்.

"சார், பொய் சொல்லிட்டேன். மூணு வருஷம் மூணு மாசம் ஆச்சு. படியில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல."

டாக்டர் பேனாவை நிறுத்தவில்லை. "உள்ள இருக்கும்போது ரெண்டு மாசம். வெளியே போய்ட்டு வந்தா எல்லாருக்கும் மூணு வருஷம் ஆயிடுது. போங்க ஐயா, கூட்டம் நிக்குது."

மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குழாய்க்காரர் சட்டையைத் தூக்கினார். வரிந்த துணியை அவிழ்த்தார். மேசைமேல் சும்மா கிடந்த டாக்டரின் இடது கையைப் பிடித்து இழுத்து, புடைப்பின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, ஒரே ஒரு தடவை, பலமாக இருமினார்.